மாதிரி டப்பா

ஆப்பிளில் அடிபட்ட பக்கம் எது என்று கண்ணால் பார்க்கவேண்டியதில்லை, கட்டைவிரலே சொல்லிவிடும். கோபுரம் பழத்தை உள்ளங்கையில் ஒருமுறை உருட்டினான். மெத்தென்று அமுங்கிய பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பி, சிவந்த கன்னம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி டப்பாவின் மூலையில் உட்காரவைத்தான். அதற்குக் கீழே ஒரு பாட்டில் மூடி கவிழ்ந்திருந்தது. மூடி இருப்பதால்தான் பழத்துக்கு அந்த எடுப்பு. பக்கத்தில் கசக்கிய ரொட்டிக் காகிதத்தின்மேல் பரப்பிய பாதாம் பருப்புகள். வெள்ளித்தாள் சுற்றிய சீஸ் துண்டு ஒன்று, சாய்ந்தும் சாயாமலும். இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தான். அடுப்படி மேடையில் இருந்த அந்த டப்பாவுக்கும் அந்த அடுப்படிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யாரோ வசதியான வீட்டுப் பிள்ளை மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

அவன் மகள் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, பால் இல்லாத டீயில் ரொட்டியின் ஓரத்துண்டைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டியின் இரண்டு நுனியிலும் வருகிற அந்தத் தடித்த துண்டுகளை, அவன் வேலை பார்க்கிற கடையில் சாண்ட்விச் போடுகிறவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். கேட்டால் கொடுப்பார்கள், எல்லா நாளும் இல்லை. டீ நல்ல சூடாக இருந்தால் வயிறு கொஞ்ச நேரம் ஏமாறும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானம். அவள் அம்மா விடிவதற்குள் தையல் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போயிருந்தாள். கம்பெனியில் மத்தியானம் ஒரு வேளை போடுவார்கள். பொட்டலம் கட்டி வெளியே எடுத்து வரக்கூடாது, வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

"குலுக்காம கொண்டு போ," என்றான்.

"தெரியும்."

"ஆப்பிள்ல கை..."

"தெரியும்ப்பா. தொட மாட்டேன், கடிக்க மாட்டேன், நக்கவும் மாட்டேன்."

கடைசியில் சொன்னது கேலியா, அல்லது எப்போதாவது முயன்று பார்த்ததன் ஒப்புதலா என்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. மூடியை அழுத்தி மூடினான்.

கோபுரம் என்பது அவன் பெயர் இல்லை, கடையில் வைத்தது. அந்த ஊரிலேயே பெரிய சூப்பர்மார்க்கெட்டில் பழப்பகுதி அவன் பொறுப்பு. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற ஆப்பிள் மலை, ஆரஞ்சு மலை, திராட்சை அருவி எல்லாம் அவன் கைவேலை. மலை என்றால் உள்ளே மலை இல்லை. கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் கூடை, கூடைமேல் பச்சைத் துணி, துணிமேல் ஒரே ஒரு அடுக்குப் பழம். நிறைந்திருப்பதைப் பார்த்தால்தான் வாங்குகிறவன் கை நீளும், குறைந்திருப்பதைப் பார்த்தால் பர்ஸ் மூடிக்கொள்ளும் என்பது மேற்பார்வையாளரின் தத்துவம். அந்தத் தத்துவத்துக்கு உருவம் கொடுப்பவன் என்பதால் அவனைக் கோபுரம் என்று கூப்பிட ஆரம்பித்தவரும் அவர்தான். மகள் இன்னும் சின்னவளாக இருந்தபோது ஒரு விடுமுறை நாளில் கடைக்கு வந்தாள். ஆப்பிள் மலையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, இதில் எத்தனை பழம் இருக்கிறது என்று எண்ணாமலே சொல்லட்டுமா என்றாள். சொல்லேன் பார்க்கலாம் என்றார் மேற்பார்வையாளர். அவள் உதட்டை மட்டும் அசைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "நடுவுல காலியா இருக்கே, அதையும் சேத்துச் சொல்லணுமா, விட்டுட்டுச் சொல்லணுமா?" என்று கேட்டாள். பக்கத்தில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி கையிலிருந்ததைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டாள். இந்தப் பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில் போடு, இங்கே மட்டும் கூட்டிவராதே என்றார் மேற்பார்வையாளர். இரண்டையுமே உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

நல்ல பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். அதுவரை அவள் படித்தது தெருமுனையில், மழை வந்தால் கரும்பலகைக்கே குடை பிடிக்கவேண்டிய ஒரு பள்ளிக்கூடத்தில். அங்கே காலையில் பிள்ளைகளை உட்காரவைத்துத் தட்டில் சூடாக ஏதாவது போடுவார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. போடுவார்கள், சாப்பிடுவார்கள், தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கணக்குப் போடுவார்கள். புதுப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடமாட்டார்கள், அதைப் பற்றிப் பேசுவார்கள். அங்கே கட்டுகிற கட்டணத்துக்காக வீட்டில் முதலில் பால் நின்றது, பிறகு முட்டை நின்றது, அப்புறம் காலை என்கிற வேளையே சத்தமில்லாமல் நின்றுபோனது. படிப்புக்காகத்தானே என்றாள் அவன் மனைவி. படிப்புக்காக வயிற்றைக் கட்டுவதில் ஒரு கௌரவம்கூட இருந்தது, கட்டிய வயிறு பெரியவர்களுடையதாக இருந்தவரைக்கும்.

பள்ளிக்கூடத்தின் தாளாளர் முன்பு குளியலறைச் சாமான் வியாபாரத்தில் இருந்தவர். கல்வியிலும் அதே பளபளப்பை எதிர்பார்ப்பவர். எங்கோ ஒரு பெரிய ஓட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போனவர், திரும்பி வரும்போது ஒரு மூளையோடு வந்தார். பிளாஸ்டிக்கில் செய்தது, பாகம் பாகமாகக் கழற்றிப் பூட்டலாம். கூடவே ஊட்டச்சத்து ஆலோசகர் ஒருவரும் வந்தார், அவரைக் கழற்ற முடியவில்லை. பெற்றோர் கூட்டம் போட்டார்கள். ஆலோசகரை வரவேற்கப் பிள்ளைகளைக் காலையிலிருந்தே வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அவர் கார் வரத் தாமதமானதில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதையே அவர் மேடையில் சான்றாக எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினார், எல்லோரும் கைதட்டினார்கள். வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருகிற குழந்தை பெட்ரோல் போடாத கார் என்றார். காரே இல்லாதவர்களும் தலையாட்டினார்கள். திரையில் ஒரு மூளை வாயைத் திறந்து திறந்து மூடியது. மேசையில் அவருக்கு முன்னால் வெட்டிய பழங்களும் வறுத்த முந்திரியும் இருந்தன. பெற்றோர்களுக்குப் பின்வரிசைவரை தண்ணீர் வந்தது.

அவர் சொன்னதில் எதுவும் பொய் இல்லை என்பதுதான் கோபுரத்தை உறுத்தியது. காலையில் சாப்பிடாத பிள்ளைக்குக் கவனம் நிற்காது, காதில் விழுவது மனதில் பதியாது, இடைவேளைக்குள் எழுத்தெல்லாம் தண்ணீரில் மிதக்கிற மாதிரி ஆகிவிடும் என்றார். சத்தில்லாத தின்பண்டம் கொடுத்தாலும் அதே கதிதான் என்றார். சரியாகத்தான் சொன்னார். சரியாகச் சொல்லிவிட்டு, அதற்கு என்ன செய்யவேண்டும் என்பதில்தான் தாளாளரும் அவரும் தங்கள் முழுத்திறமையையும் காட்டினார்கள். அதற்கு அறிவு உணவுத் திட்டம் என்று பெயர்: தினமும் முதல் பாடவேளையில் எல்லாப் பிள்ளைகளும் தின்பண்ட டப்பாவைத் திறந்து மேசைமேல் வைக்கவேண்டும். வகுப்பாசிரியை வரிசை வரிசையாக நடந்து பார்ப்பார். நல்ல டப்பாவுக்குப் பச்சை ஸ்டிக்கர், சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு. சிவப்பு வாங்கிய பிள்ளை இடைவேளைவரை பின்சுவரோரம் டப்பாவைத் திறந்து கையில் ஏந்தி நிற்கவேண்டும். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படிக்கவேண்டும்: நான் என் மூளையைப் பட்டினி போடமாட்டேன். இத்தனை ஏற்பாட்டிலும் டப்பாவில் இருப்பது பிள்ளையின் வாய்க்குள் போகிறதா என்று பார்க்கிற வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. அது தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. திறந்த டப்பாவின் முன்னால் ஒரு குழந்தை சும்மா உட்கார்ந்திருக்கும் என்று அந்த அறையில் இருந்த யார் நினைத்திருப்பார்கள்?

முதல் வாரம் மகள் ரொட்டி ஓரத்துண்டோடு பின்சுவரோரம் நின்றாள். வீட்டுக்கு வந்து அழவில்லை. ராத்திரி தூக்கத்தில் அந்த வாசகத்தை முழுசாக, பிழையில்லாமல் சொன்னாள். மறுநாள் மாலை கோபுரம் கடையிலிருந்து ஓர் ஆப்பிளோடு வந்தான்.

அவன் மனசாட்சிக்கு அவன் விளக்கி வைத்திருந்தது இதுதான். மாலையில் பழங்களை எடை போட்டு முடித்த பிறகு ஒரு பழம் வெளியே வரும். மறுநாள் எடை போடுவதற்கு முன்னால் அதே பழம் உள்ளே போய்விடும். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் கடையின் பின்வாசலுக்கு வந்து டப்பாவை நீட்டுவாள். அவன் பழத்தைத் துடைத்து, அமுங்கிய பக்கம் உள்ளே போகும்படி மலையில் வைப்பான். எடை குறையாது, கடைக்கு நஷ்டமில்லை. குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். இது திருட்டில் சேராது. ஆப்பிளை ஒருநாள் பள்ளிக்கூடம் அனுப்பிவைக்கிறான், அவ்வளவுதான். அழுகலையும் அடிபட்டதையும் எடுத்துப் போகலாமே என்றால், அவற்றைக் குப்பையில் போடுவதற்கு முன் மேற்பார்வையாளரே முன்னால் நின்று பினாயில் ஊற்றச் சொல்வார். வேலைக்காரர்கள் வேண்டுமென்றே பழத்தைக் கீழே போடக்கூடாது இல்லையா. சீஸ் துண்டு, ஒருமுறை கடையில் இலவசமாகக் கொடுத்தது. பாதாம் மட்டும் சொந்தக் காசில் வாங்கியது. வெகு நாள் ஆகிவிட்டதால் பொலிவு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மனைவி அவற்றைத் துணியில் பரப்பி, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பாள். வருஷத் தேர்வுவரை தாங்கினால் போதும், அப்புறம் ஏதாவது செய்துகொள்ளலாம் என்பாள். பாதாமைச் சொன்னாளா, பிள்ளையைச் சொன்னாளா தெரியாது.

பச்சை ஸ்டிக்கர்கள் குவிந்தன. வகுப்பில் வேறு எவருக்கும் அத்தனை பச்சை இல்லை. ஒருநாள் புகைப்படக்காரரைக் கூட்டிவந்து டப்பாவைப் படம் எடுத்ததாக மகள் சொன்னாள். அவளை எடுக்கவில்லை, டப்பாவை மட்டும்தான். மதிப்பெண் மட்டும் எதிர்த்திசையில் போயிற்று. எண்ணாமலே எண்ணிச் சொன்னவள், ஒரு வரியை மூன்று தடவை படித்துவிட்டு முதல் வார்த்தை என்ன என்று கேட்டாள். டீச்சர் பேசுவது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்கிறது என்றாள். பெருக்கலில் பாதிவழி போய், எங்கே போகிறோம் என்பதை மறந்து, பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கோபுரம் முதலில் கண்ணைச் சந்தேகப்பட்டான், பிறகு காதை. டீச்சர்மேல்கூடக் கொஞ்சம் சந்தேகப்பட்டான். மேடையில் ஆலோசகர் சொன்னது ஒவ்வொன்றும் தன் வீட்டில் வரிசையாக நடந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு பச்சைத் துணி அவன் கைவசம் எப்போதும் இருந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டனுப்பியபோது, பிடிபட்டுவிட்டோம் என்றுதான் நினைத்தான். மேற்பார்வையாளரிடம் கொஞ்ச நேரம் அனுமதி கேட்டுவிட்டு, கடைச் சீருடையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு போனான். கடைப் பெயர் போட்ட சட்டையோடு போய் நிற்பது புத்திசாலித்தனமாகப் படவில்லை. போய்ப் பார்த்தால் பள்ளிவாசலிலேயே கடைப் பெயர் அவனை வரவேற்றது. இந்த அறிவு உணவுத் திட்டத்துக்கு ஆதரவு வழங்குவோர் என்று பெரிய பேனர்; அவன் கட்டிய ஆப்பிள் மலையின் படம் அதில் முழு அகலத்துக்கும் நின்றது. உள்ளே காலியான மலை.

தாளாளரின் அறை சில்லென்று இருந்தது. மேசையில் பிளாஸ்டிக் மூளை, பக்கத்தில் பிளாஸ்டிக் பழங்கள். தாளாளர் ஒரு நாற்காலியில், ஆலோசகர் ஒரு நாற்காலியில். வகுப்பாசிரியை நின்றுகொண்டிருந்தாள். சின்னப் பெண், இரண்டு பஸ் மாறி வருகிறவள், கன்னத்தில் ஒரு மின்ட் மிட்டாய் ஒதுங்கியிருந்தது. காலியாகக் கிடக்கிற வயிறு வாயில் ஒரு வாடையைக் கொண்டுவரும். அதை மறைக்கத்தான் அந்த மிட்டாய் என்பது கோபுரத்துக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவன் மனைவியும் அதைத்தான் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். மகளை டப்பாவோடு கூட்டிவந்து மேசையோரம் நிறுத்தியிருந்தார்கள்.

தாளாளர் எழுந்து அவனுக்குக் கை கொடுத்தார். இப்படிப்பட்ட தகப்பன்தான் நாட்டுக்குத் தேவை என்றார். சுவரைக் காட்டினார். அங்கே ஒரு அலமாரிக் கதவளவுக்கு மகளின் டப்பா தொங்கியது. ஆப்பிளின் சிவந்த கன்னம், பாதாமின் எண்ணெய் மினுமினுப்பு, சீஸ் துண்டின் சாய்வு. மாதிரி டப்பா என்று தலைப்பு. நிறையப் பள்ளிக்கூடங்களுக்கு அச்சடித்து அனுப்பியாயிற்று என்றார். அவ்வளவு பயத்திலும் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுந்திருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்து போனது கோபுரத்துக்கு.

பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள், அவனும் டீச்சரும் தவிர. ஆலோசகர் மகளின் தேர்வுத்தாள்களைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி சொல்கிறவர்கள் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

"உள்ள போறது பிரமாதம். வெளிய வர்றது சரியில்ல," என்றார். "அப்ப குறை எங்க இருக்கு? நடுவுல இருக்கிற மெஷின்ல. சின்ன மெஷின். அது யார் தப்பும் இல்ல, உங்க தப்பு சத்தியமா இல்ல."

மற்றதைத் தாளாளர் சொன்னார். மகளைப் பின்கட்டடத்தில் இருக்கிற தனிக்கவனப் பிரிவுக்கு மாற்றப்போகிறார்கள். அங்கே கணக்கு, அறிவியல் என்று பிள்ளைகளை வதைப்பதில்லை; காகிதம் வெட்டலாம், ஒட்டலாம். பொதுத்தேர்வு எழுதவேண்டாம். கட்டணம் மட்டும் அதேதான், தனிக்கவனம் அல்லவா. சாப்பாடு சரியில்லாத பிள்ளைகளாவது ஒருநாள் தேறிவிடும் என்று நம்பலாம், இப்படி எல்லாம் கிடைத்தும் ஏறாத பிள்ளையை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் அன்பு என்றார். ஒப்புதலுக்கு ஆலோசகரைப் பார்த்தார். அவர் ஒப்பினார்.

கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள், வீட்டில் இன்னும் நல்லதாக ஏதாவது கொடுக்கிறேன் என்று கோபுரம் சொல்லிப் பார்த்தான். இதைவிட நல்லதாகவா, எங்கள் வீட்டிலேயே இவ்வளவு இல்லையே என்று ஆலோசகர் சிரித்தார். சிரித்த கையோடு, அவனுடைய மனச்சமாதானத்துக்காக இப்போதே ஒரு சின்னச் சோதனை வைத்துவிடலாம் என்றார். பாப்பா டப்பாவைத் திறந்து பிடித்ததைச் சாப்பிடட்டும். சாப்பிட்டுக்கொண்டே, பயமில்லாமல், அவர் கேட்கிற கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.

மகள் மூடியைத் திறந்தாள். உள்ளே எதுவும் அசங்கியிருக்கவில்லை. அவள் ஆப்பிளைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"கடிக்கலாமாப்பா?"

"என்ன ஒழுக்கம் பாத்தீங்களா," என்றார் தாளாளர். "அப்பாவைக் கேக்காம வாயில வைக்கல."

கோபுரம் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான். "கடி பாப்பா," என்றான். அந்தச் சின்ன அறையில் முதல் கடியின் சத்தம் பெரிதாகக் கேட்டது. அதற்கப்புறம் அவள் நிறுத்தவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடிபட்ட பக்கம் நல்ல பக்கம் என்று பார்க்காமல், மூச்சுவிட மட்டும் இடம் விட்டுத் தின்றாள். ஆலோசகர் ஒரு கணக்கைச் சொன்னார். அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. இன்னும் சுலபமாக ஒன்றைச் சொன்னார். மோவாயில் வழிந்த சாற்றை அவள் புறங்கையால் துடைத்து, கையையும் நக்கிக்கொண்டாள். அவர் தாளில் ஏதோ குறித்தார். பாட்டில் மூடி டப்பாவின் அடியில் தனியாகக் கிடந்தது. அதை ஏதோ சாஸுக்கான கிண்ணம் என்று நினைத்தாரோ என்னவோ, ஆலோசகர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கோபுரம் மேசையைப் பிடித்துக்கொண்டான். பேசினால் கடை வேலை போகும். கடை போனால் பள்ளிக்கூடம் போகும். பேசாவிட்டால் இவளுக்கு மூளை இல்லை என்று தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, ஆயுசுக்கும் ஒட்டிவிடுவார்கள். எந்த ஸ்டிக்கரையும் கிழிக்கலாம், அதைக் கிழிக்கமுடியாது.

"சார், அந்த டப்பா சாப்பிடறதுக்கு இல்ல சார்," என்றான்.

"பின்ன எதுக்கு?"

"காட்டறதுக்கு." ஆரம்பித்துவிட்டபின் அவனால் நிறுத்த முடியவில்லை. "நான் கடையில இருந்து எடுத்துட்டு வருவேன். மறுநாள் எடைக்கு முன்னாடி திருப்பி வெச்சிருவேன். பாதாமெல்லாம் எண்ணெய் தடவி வெச்சது. பாப்பா எதையும் தொட மாட்டா, நான்தான் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். காலைல வெறும் டீயும், கெடைச்சா ரொட்டி ஓரமும் தின்னுட்டு வருவா. சாயங்காலம் வரைக்கும் அவ்ளோதான். அவளுக்கு மூளையெல்லாம் நல்லா இருக்கு சார். பசி சார். வெறும் பசி."

மகள் ஆப்பிளின் நடுத்தண்டுவரை வந்திருந்தாள். விதைகளையும் சேர்த்து மென்றாள். டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தவள், மிட்டாயை விழுங்கிவிட்டு, "சார், இவ சாப்பிட்டு நான் இதுவரைக்கும் பாத்ததே..." என்றாள்.

"டீச்சர், டப்பாவைப் பாக்கறதுதான் உங்க வேலை," என்றார் தாளாளர். "வாயைப் பாக்கச் சொல்லலியே."

ஆலோசகர்தான் நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டார். எழுந்து வந்து கோபுரத்தின் தோளில் கை வைத்தார். கைக்கு நல்ல வாசனை இருந்தது. இதுவும் இயற்கைதான் என்றார். பிள்ளைக்கு ஏறாது என்று சொன்னதும் பெற்றவர்கள் முதலில் டீச்சரைத் திட்டுவார்கள், பிறகு பள்ளிக்கூடத்தைத் திட்டுவார்கள், கடைசிக் கட்டத்தில் தங்களையே திட்டிக்கொள்வார்கள் என்று, தாளாளருக்குப் பாடம் எடுப்பது மாதிரி நிதானமாகச் சொன்னார். "சில பேர் நான் குடிகாரன், அதான் பிள்ளை இப்படின்னு சொல்லிக்குவாங்க. இவர் திருடன்னு சொல்லிக்கறார். பிள்ளை மக்குன்னு ஒத்துக்கறதுக்குப் பதிலா ஜெயிலுக்குப் போகக்கூடத் தயார். பாசம் சார் இது. எனக்கே கண்ணு கலங்குது."

"கடையில கேட்டுப் பாருங்க சார்."

"கேக்கறது பெரிய விஷயமில்ல," என்றார் தாளாளர். குரல் இறங்கியிருந்தது, குளியலறைச் சாமான் விற்ற காலத்துக் குரலாக இருக்கும். "முதலாளி நமக்கு வேண்டியவர்தான். கேட்டா உங்க வேலை போகும். வாசல்ல நிக்கிற பேனர் போகும். அச்சடிச்ச படமெல்லாம் குப்பைக்குப் போகும். ஒரு ஆப்பிளுக்காக எத்தனை பேர் வாயில மண்ணைப் போடுவீங்க? நீங்க எதுவும் சொல்லல, நாங்களும் எதுவும் கேக்கல. பிள்ளையை நாங்க பாத்துக்கறோம்."

கோபுரம் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக உண்மை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறான், அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அதைவிடக் கேவலமாக இருந்தது நெஞ்சுக்குள் நடந்தது. வேலை போகவில்லை என்று தெரிந்ததும் அங்கே எதுவோ ஒன்று ஆசுவாசமாக மூச்சுவிட்டது. அதைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அது தன் மூச்சாகவும் இருந்தது. ஒரு தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டானா என்பதுகூடப் பிறகு அவனுக்குச் சரியாக நினைவில்லை. பேனா விலை உயர்ந்தது, வழுக்கிக்கொண்டு போயிற்று என்பது மட்டும் நினைவிருந்தது.

ஓர் ஆயா வந்து மகளைக் கூட்டிப்போனாள். அவனை யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, பின்னாலேயே போனான். விளையாட்டு மைதானத்தைத் தாண்டி, ஜெனரேட்டர் அறையை ஒட்டி இருந்தது பின்கட்டடம். வாசலில் வண்ண எழுத்தில் நட்சத்திரங்கள் என்று எழுதியிருந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் உள்ளே யார் பேசினாலும் கேட்காது போலிருந்தது. யாரும் பேசவும் இல்லை. ஆசிரியர் நாற்காலி காலியாக இருந்தது. பிள்ளைகள் மேசையில் தலையைக் கவிழ்த்துப் படுத்துக்கிடந்தார்கள். சிலர் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தார்கள். இங்கே டப்பா திறக்கிற வழக்கம் இல்லை. மதிப்பெண்ணே இல்லாத இடத்தில் மூளைக்கு என்ன தின்னக்கொடுத்தார்கள் என்று யார் பார்க்கப்போகிறார்கள்? டப்பாக்கள் மூடியபடி தலைகளுக்குக் கீழே இருந்தன. கோபுரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்நேரத்துக்குக் கடைக்குத் திரும்பியிருக்கவேண்டும். மாலை எடையில் ஒரு பழம் குறையும். அதற்கு என்ன சொல்வது என்று யோசிக்க முயன்றான். யோசனை பாதிவழியில் நின்றுவிட்டது.

மகள் கடைசி பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பெண், அவளைவிடச் சின்னவள், தலையைத் தூக்கினாள். மூக்கை விரித்து மோந்து பார்த்தாள். ஆப்பிள் வாசனை எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பக்கமும் தேடினாள். பிறகு மெல்ல நகர்ந்து வந்து, மகளின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்தாள். மகள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு வாயை அகலத் திறந்து ஹா என்று ஊதினாள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். முன்பெஞ்சில் ஒரு தலை எழுந்தது, அதற்கு முன்னால் இன்னொன்று. ஒவ்வொருவராக எழுந்து, இடித்துக்கொள்ளாமல், சத்தமில்லாமல் வந்து வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்க அவர்களுக்கு நன்றாகப் பழக்கியிருந்தார்கள். மகள் ஒவ்வொரு முகமாகத் தன் முன்னால் வரக் காத்திருந்து, கடைசி ஆள்வரைக்கும் வரவேண்டுமே என்பது போல அளந்து அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊதிக்கொண்டிருந்தாள்.